பட்டையோடு ஒரு பலகை

அக்கா மாட்டேன் என்று சொன்னாள்.

பெரிய விஷயமில்லைதான். வெள்ளிக்கிழமை காலை, சாரல் ஜன்னல் வழியாக அடுக்களைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அனுசியா பிள்ளைக்குப் பால் புகட்டிய அந்தப் பாலாடையைக் கொஞ்சம் கழுவி வையுங்கள் என்றாள். சங்கரேஸ்வரி அக்கா அடுப்பைப் பார்த்தபடியே மாட்டேன் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அனுசியா சிரித்துக்கொண்டே தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அவளுக்கு என்ன தெரியும்.

அவள் புருஷன் இசக்கியப்பன்தான் காப்பித் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டான். இருபத்துமூன்று வருஷமாக அக்கா வாயிலிருந்து அவன் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. சரி என்பாள், ம் என்பாள், அவ்வளவுதான். உட்கார் என்றால் உட்காருவாள். எழுந்திரு என்று சொல்ல மறந்துவிட்டால் விளக்கு வைக்கிற நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். இப்போது அவள் இடுப்பில் அவனுடைய ஐந்து மாதப் பிள்ளை உட்கார்ந்து அவள் தாலியில்லாத கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை அது அந்தக் கையில்தான். ஊரிலேயே இதைவிட நம்பிக்கையான கை கிடையாது என்று அனுசியாவுக்குத் தைரியம் சொன்னவனும் அவன்தான்.

அவன் காப்பியைக் கீழே ஊற்றிவிட்டுப் பின்கட்டில் இருக்கும் பட்டறைக்குப் போனான். பெஞ்சின் மேல் அந்தப் பலகை கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் அதிலிருந்து நாலு ஆணி பிடுங்கியிருந்தான்.

ஐந்தருவிப் பக்கம் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் பென்னி கொடுத்த ஆர்டர் அது. வரவேற்பறைச் சுவரில் ஒரு அலமாரித் தட்டு, ஆறடி நீளம், கீழே தாங்கி எதுவும் தெரியக் கூடாது, சுவரிலிருந்து தானாகவே முளைத்ததுபோல் இருக்க வேண்டும். முக்கியமாக முன்விளிம்பை வெட்டக் கூடாது, மரத்தின் வளைவும் பட்டையும் அப்படியே தெரிய வேண்டும் என்று போனில் படம் படமாகக் காட்டினார். இசக்கியப்பனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஓரத்தை நூல் பிடித்து நேராக்கத்தான் அவன் மூன்று வருஷம் வேலை பழகினான். இப்போது அந்தக் கோணல் ஓரம்தான் வேண்டுமாம், அதுதான் பேஷனாம். மேலகரத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு நேரே முகம்மது கனியின் அறுவை மில்லுக்குப் போனான்.

பட்டையோடு அந்த நீளத்தில் கனி பாயிடம் ஒரே ஒரு பலகைதான் இருந்தது. புளி. நடுவில் கருப்பு ஓடி, பார்க்கவே அத்தனை அழகு. அதைச் செங்கல் சூளைக்கு ஏற்றுவதற்காக ஓரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ரோட்டோரப் புளி மில்லுக்கு வந்தால் நாலு புறத்தையும் அறுத்துச் சூளைக்கு அனுப்பிவிடுவது வழக்கம், உள்மரம் மட்டும்தான் வெளியே போகும், காலம்காலமாக அப்படித்தான் என்று கனி பாய் சொன்னார். ஏன் என்று இசக்கியப்பன் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் கேட்க மாட்டார்கள். பேய் பிடித்தவர்களைக் கோடாங்கி எங்கே கூட்டிக்கொண்டு போவார், உச்சிமுடியைப் பிடித்து எதில் ஆணி அறைவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆணி புறத்தில்தான் இருக்கும். வருஷம் போகப் போக மரம் அதை மூடிக்கொள்ளும்.

"ஆய்க்குடி ரோட்டு மரம்ப்பா, ரோடு அகலப்படுத்தையில வெட்டுனது. ஆணி கெடந்தா கெடக்கட்டும், பிடுங்கிராத" என்றார் கனி பாய். அவன் சரி என்று சொல்லிப் பலகையை ஆட்டோவில் ஏற்றினான். ஆய்க்குடி ரோட்டில் எத்தனையோ நூறு புளி. அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஆனால் பிடுங்காமல் எப்படி? காந்தத்தைப் பட்டை மேல் நகர்த்திப் பார்த்தான், ஒன்பது இடத்தில் ஒட்டியது. ஆணிகள் உள்ளே வளைந்து, நுனிகள் பலகையின் முகத்துக்கு ஒரு நூலளவு கீழே வந்து நின்றன. இழைப்பு மெஷினின் பிளேடு பட்டால் தெறித்துக் கண்ணில் பாயும். மற்ற மரவேலையில் இந்தச் சிக்கலே வராது, ஓரத்தோடு சேர்த்து அறுத்து எறிந்துவிடலாம். இதில் ஓரம்தான் சரக்கு. குறட்டை எடுத்துப் பட்டையைச் சின்ன உளியால் விலக்கி, தலையைக் கவ்வி இழுத்தான். முதல் ஆணி வந்தபோது வந்த சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. கிறீச்சென்று ஆரம்பித்துக் கடைசியில் ஒரு மூச்சுப்போல முடிந்தது. ஆனாலும் நாலு பிடுங்கினான். நேற்று ராத்திரி அக்கா தோசைக்கல்லை இறக்கி வைக்காமல் தொப்பென்று போட்டதை அவன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு அந்த மாட்டேன்.

ஒரு சொல்லுக்காக வேலையை நிறுத்த முடியுமா? ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஐந்தாவது ஆணியைப் பிடுங்கினான். ஆறாவதையும். சாரலில் ஓட்டுக்கூரை சலசலத்துக்கொண்டே இருந்தது, குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ரோட்டில் பாட்டும் கூச்சலுமாகப் போயின, மரத்தூள் ஈரத்தில் புளித்து வாடை அடித்தது. அடுக்களையில் அக்கா ஏதோ அரிகிற சத்தம் கேட்டது. வெங்காயம் அரிகிற சத்தம் அவனுக்குத் தெரியும். இது அரிகிற பலகையையே வெட்டுகிற சத்தம். ஏழு. எட்டு. ஒவ்வொன்று வெளியே வரும்போதும் அரிவது ஒரு நொடி நின்றது, பிறகு முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தது.

ஒன்பதாவது ஆணி தனி. கடையில் வாங்கியதல்ல, கொல்லன் நாலு முகமாக அடித்த ஆணி, விரல் கனம். அதன் கழுத்தில் ஏதோ சுற்றியிருந்தது. உளியால் பட்டையைக் கிளறினான். கறுப்பாக நூல் மாதிரி வந்தது. நூல் அல்ல. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முழ நீள முடி, மரம் இத்தனை வருஷமும் நரைக்கவிடாமல் வைத்திருந்த முடி. மூக்கருகே கொண்டுபோகாமலேயே மரிக்கொழுந்தும் தேங்காயெண்ணெயும் மணத்தன.

அவனுக்கு எட்டு வயது அப்போது, அக்காவுக்குப் பதினேழு. அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ் விபத்தில் போனபிறகு, போலீஸில் ஏட்டாக இருந்த சித்தப்பா பிச்சுமணி இரண்டு பேரையும் எடுத்து வளர்த்தார். வளர்த்தார் என்றால் பெல்ட்டால் வளர்த்தார். ஒருநாள் சித்தப்பாவின் ரேடியோவை இசக்கியப்பன் போட்டு உடைத்தான். யார் என்று கேட்டதும் அக்கா என்று கைகாட்டினான். மத்தியானத்திலிருந்து அடி. அவன் வாசல்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனாவது அடியிலோ அக்கா வெட்டரிவாளை எடுத்தாள், சித்தப்பாவின் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

பொட்டப்பிள்ளைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வரும் என்று ஊர் கேட்டது. அடி வாங்கியவள் திருப்பி அடித்தாள் என்று ஒருத்தருக்குமே தோன்றவில்லை. கோடாங்கி வந்து வீட்டிலிருந்த சின்னவனைக் கூப்பிட்டு, உங்க அக்காவை எங்கேயாவது ஒருமாதிரிப் பார்த்தாயா என்று கேட்டார். கட்டுப்போட்ட கையோடு சித்தப்பா பின்னால் நின்றார். உச்சிவேளையில் ஆய்க்குடி ரோட்டுப் புளியமரத்தடியில் அவள் யாரோடோ பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன் என்று அவன் சொன்னான். அவன் அக்காவை எந்த மரத்தடியிலும் பார்த்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலைமுடியை அந்த மரத்தில் வைத்து அறைந்தார்கள், முடியை அரிந்து மரத்தோடு விட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அன்றையிலிருந்து சரி, ம்.

மற்ற எட்டும் வேறு யார் யாருடையதோ, ஒரே மரம் என்பதால் ஒவ்வொன்றும் போகப் போக அவள் கட்டும் தளர்ந்திருக்கிறது. இது அவளுடையது.

இதை மட்டும் விட்டுவிடலாம்தான். ஆனால் சுவருக்குள்ளிருந்து வரும் இரும்புக் கம்பிக்குத் துளை போட வேண்டிய இடத்தில், அதே கோட்டில், அதன் நுனி நின்றது. படித்தவள் புருஷன், ஸ்மார்ட் போன் வைத்திருக்கிறவன், இதையெல்லாம் நம்புகிறாயா என்று தன்னையே திட்டிக்கொண்டான். குறட்டால் இரண்டு தடவை ஆட்டி, காலைப் பெஞ்சில் ஊன்றி இழுத்தான்.

அடுக்களையில் அரிவது நின்றது. திரும்ப ஆரம்பிக்கவில்லை.

பிறகு வேலையில் தலையைக் கொடுத்துவிட்டான். இழைத்தான், உப்புத்தாள் போட்டான், பின்விளிம்பில் துளைகள் எடுத்தான். சரக்கு வெளியே போகும் முன் தன் பட்டறைச் சுவரில் ஏற்றி, கனம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவது அவன் பழக்கம். சுவரில் கம்பிகளை இறக்கிப் பலகையைத் தள்ளினான், போய் உட்கார்ந்துகொண்டது. அவன் உச்சந்தலை உயரத்தில் பட்டை வளைந்து வளைந்து ஓடியது. அழகுதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டரைக்குச் சித்தப்பா சாப்பிட வந்தார். ரிட்டயர் ஆனபிறகு தினமும் மத்தியானச் சாப்பாடு இங்கேதான், ஆக்கிப் போடுவது அக்காதான். அவர் மணையில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் இரண்டு விரலால் சோற்றைப் பிசைந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டு நகரவில்லை. குனிந்து அவர் கையையே பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள்.

சித்தப்பா கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் லாக்கப்பில் ஆட்களை அலறவைத்த மனிதர், அவர் தாடை ஆடியது. இசக்கியப்பன் பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். தூங்குகிறாள், எழுப்பாதே என்றாள் அக்கா. பிள்ளை தூங்கவில்லை, கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. அக்காவின் இன்னொரு கையில் குழம்புக் கரண்டி இல்லை, அரிவாள்மணை இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவன் பார்க்கவில்லை. அடிப்பலகையோடு சேர்த்து அந்தக் கனத்தை ஒற்றைக் கையில் சும்மா தொங்கவிட்டபடி நின்றாள்.

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். அரிவாள்மணை பிள்ளையின் கால் பக்கமாக அரை சாண் நகர்ந்தது. அவன் நின்றுவிட்டான்.

சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே என்னலே செய்தாய் என்று கேட்டார். ஆணியைப் பிடுங்கிவிட்டதாக அவன் சொன்னான்.

"போய்த் திருப்பி அறைலே. நான் இவளைப் பாத்துக்கிடுதேன். ஓடு" என்றார் அவர், உதடு அசையாமல்.

அவன் ஓடினான். கொல்லன் அடித்த ஆணியையும் முடியையும் எடுத்தான். முடி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆணியின் கழுத்தில் அதைச் சுற்றி, பட்டையில் அதே துளையில் வைத்து, பெரிய சுத்தியலை ஓங்கி அடித்தான். அடுக்களையிலிருந்து ஒரு அலறல் வந்தது.

வேலை செய்கிறது என்று நினைத்தான். பாவம் அக்கா என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே மறுபடியும் அடித்தான். மறுபடியும் அலறல். சாமி, என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடிக்கு ஒரு அலறல், கணக்காக. கண்ணில் நீர் வழிந்து ஆணியின் தலை தெரியவில்லை. காய்ந்து இறுகிப்போன புளி, துளைக்குள் இப்போது சுவர்க்கம்பி வேறு. கால் அங்குலம்தான் இறங்கியது. ஆறாவது அடியில் ஆணி வளைந்தது.

அவன் சுத்தியலை இறக்கினான்.

அங்கே சத்தம் நிற்கவில்லை.

தொப். அலறல். தொப். அது அக்காவின் குரல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை. ஆண்குரல், வயதான குரல், அடியில் உடைந்து உடைந்து வந்த குரல்.

தொப். இந்தத் தடவை அலறல் இல்லை.

பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். சாரல். ஓட்டுக்கூரை. தூரத்தில் வேன் ஹாரன். பிறகு முற்றத்து ஈரத்தில் எதையோ இழுத்து வரும் சத்தம். இழுக்கும். நிற்கும். இழுக்கும். அரிசி மூட்டை நகர்த்துகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

கதவு திறந்தது.

இடுப்பில் பிள்ளை. உயிரோடு. சிரித்துக்கொண்டு. அதன் கன்னத்தில் சிவப்பாகத் தெறித்திருந்தது. அது அதன் ரத்தமில்லை. அக்கா மற்றக் கையால் சித்தப்பாவைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அவர் இரண்டு முழங்காலும் போகக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தன. அம்மிக்குழவி என்று அவனுக்குப் புரிந்தது. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. கண் இசக்கியப்பனைத்தான் பார்த்தது.

அக்கா கதவைக் காலால் சாத்தினாள். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, கடையில் சேலை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏலே, நல்லா செஞ்சிருக்க" என்றாள்.

இருபத்துமூன்று வருஷத்தில் அவள் அவனை ஏலே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் குரல் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய குரல். அதுதான் அவனை நடுங்க வைத்தது. வேறு யாரோ அவள் வாயில் பேசியிருந்தால் தாங்கியிருப்பான்.

சித்தப்பாவின் மண்டையை அவள் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். போலீஸ் வெட்டு, நரைத்த கட்டை முடி. விரலுக்குச் சிக்கவில்லை.

"முடி குட்டையா இருக்கு. நிக்காது. கையைத் தூக்கிப் பிடி."

பிள்ளை அவள் தோளில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் பெஞ்சிலிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டாள். சுத்தியலின் தலை பிள்ளையின் முதுகை ஒட்டி இருந்தது. இசக்கியப்பன் குனிந்து சித்தப்பாவை அள்ளித் தூக்கித் தன் தோளால் சுவரோடு தாங்கிக்கொண்டு, அவருடைய இரண்டு விரல் கையை உயர்த்தினான். பலகையின் பட்டையில் வைத்தான். தகர டப்பாவிலிருந்து ஒரு ஆணியை எடுத்து அவனே பிடித்தான், அவளுக்கு ஒரு கைதானே இருந்தது. சித்தப்பா வேண்டாம் என்று சொன்னார். ஏலே, நான் ஒன்னை வளத்தவன்லே என்று சொன்னார்.

அக்கா அடித்தாள். குறி தவறவில்லை.

ஒரு ஆணிக்கு மூன்று அடி. உள்ளங்கைக்கு இரண்டு ஆணி. மணிக்கட்டுக்கு இரண்டு. அடுத்த கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். சூடாக அவன் முழங்கை வழியே வழிந்து அக்குளுக்குள் இறங்கியது. நாலாவதோ ஐந்தாவதோ ஆணியில் சித்தப்பா சத்தம் போடுவதை விட்டுவிட்டார். எட்டும் முடிந்தது. அவன் தாங்கியிருந்த தோளை எடுத்தான். ஆறடி ஆள், முழுக் கனமும் பலகையில் தொங்கியது. பலகை அசையவில்லை.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"புளியமரத்தடியில யாரைலே பாத்த?" என்று கேட்டாள் அக்கா.

"யாரையும் பாக்கல எக்கா."

"தெரியும்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அவள் பக்கத்தில் வந்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். பிறகு பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி அவனிடம் நீட்டினாள்.

"பிள்ளையைப் பிடி."

அவன் பிடுங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கினான். பால் வாடை. சின்ன இதயம் அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டது. முழுசாக இருந்தது, கை கால் எல்லாம் இருந்தது. என் தங்கம், என் தங்கம் என்று அழுதான். போதும், இவள் போதும், இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது அவனுக்கு.

தலையில் விரல்கள் பட்டன.

அனுசியா உண்டானதிலிருந்து அவன் முடி வெட்டவில்லை. மாசமாக இருக்கிறவளின் புருஷன் வெட்டக் கூடாது. பிள்ளை பிறந்தபிறகு, அதற்கு மொட்டை போடும்போது சேர்ந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். பதினாலு மாத முடி. தோளைத் தொட்டது.

அக்கா அதைக் கோதினாள். சிக்கெடுத்தாள். அள்ளி, ஒரு ஆணியோடு சேர்த்து ஒரு கையில் முறுக்கினாள். அவன் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பின்னந்தலை பட்டையில் போய் இடித்தது. மரிக்கொழுந்து வாடை.

"ஆடாத" என்றாள். "பிள்ளை விழுந்துரும்."

அவன் ஆடவில்லை. நுனிக்காலில் நின்றான். பக்கத்தில் சித்தப்பாவின் கை ஒன்று கொஞ்சமாக அசைந்தது. பிள்ளை நெஞ்சில் கிடந்து, அவன் தலைக்கு மேலே எதையோ பார்த்து, பொக்கை வாயைத் திறந்து, சத்தம் போட்டுச் சிரித்தது.

முதல் அடி.